பரீட்சகருக்கு ஒரு ஸலாம்

முன்னுரை திருத்துகிற தொழிலில் கண் மங்கிக்கொண்டே போகும், காது மட்டும் நாளுக்கு நாள் கூராகும். அன்று இஷாத் தொழுகை முடிந்து, மகளைத் தொட்டிலில் போட்டுவிட்டு, காடழிப்பைப் பற்றிப் பிள்ளைகள் எழுதிய கட்டுரைக் கொப்பிகளோடு குந்தியிருந்தேன். குசினிக்குப் பின்னால் ஒரு சத்தம். டங். பிறகு எதையோ நிலத்தில் இழுத்துக்கொண்டு போவதுபோலச் சர்ர்ர். கொஞ்சம் அமைதி. மறுபடியும் டங்.

வீட்டில் வகுப்பு வைத்துப் பிழைக்கிற என் சக பாவப்பட்டவர்களே, அந்த நேரத்தில் நீங்கள் கையில் எதைத் தூக்கியிருப்பீர்களோ தெரியாது. நான் தூக்கியது சிவப்புப் பேனை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கல்முனையில் கடலுக்குக் கிட்ட இருக்கிறேன். வாப்பா சீதனமாகக் கட்டித் தந்த வீடு. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வந்தவர், மகள் தவழத் தொடங்க முதலே வேலைக்காகக் கட்டாருக்குப் போய்விட்டார். வீட்டு ஹோலில் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்குக் கட்டுரை பழக்குகிறேன். கட்டுரையிலும் முன்னுரைதான் என் கடை. ஊருக்குள் பெயரே முன்னுரை டீச்சர்.

எனக்கு இரண்டு பயம். இரவில் யாராவது உள்ளே வந்துவிடுவார்கள் என்பது ஒன்று. கடல் வந்தால் வெளியே ஓட ஏலாமல் போய்விடும் என்பது மற்றது. முதல் பயத்துக்குக் கதவில் கொண்டி போட வேண்டும். இரண்டாவது பயத்துக்குக் கொண்டி போடவே கூடாது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தபோது நான் சின்னப்பிள்ளை. கதவு திறந்து கிடந்ததால்தான் நாங்கள் தப்பினோம் என்பது எனக்கு மனப்பாடம். இவர் இருந்தவரை கொண்டி போடுவது இவருடைய வேலை, நான் பார்க்காத மாதிரிப் படுத்துவிடுவேன். இவர் போன பிறகு ஒரு நடுவழி கண்டுபிடித்தேன். கதவைச் சாத்தி, வகுப்பில் பிள்ளைகள் குந்துகிற நீட்டு வாங்கை அதற்கு முட்டுக்கொடுத்து, வாங்கின் மேல் அம்மிக் குழவியை வைப்பது. அப்படியும் நித்திரை வராது. விடியும்வரை கொப்பி திருத்துவேன்.

உம்மாவும் வாப்பாவும் அட்டாளைச்சேனையில் தங்கச்சியோடு இருக்கிறார்கள். என் கண்ணுக்குக் கீழே விழுந்த கறுப்பைக் கண்டுவிட்டு உம்மா கெடு வைத்துவிட்டார். "நோன்பு வாறத்துக்குள்ள தனியப் படுத்துப் பழகு. ஏலாட்டி வகுப்ப மூடிட்டு, வீட்டப் பூட்டிட்டு, புள்ளயத் தூக்கிட்டு இஞ்ச வா" என்றார். வகுப்பை மூடுவதா? அந்தப் பிள்ளைகள் ஹோலில் இருந்து கத்துகிற நேரத்தில் மட்டும்தான் இந்த வீட்டில் நான் பயமில்லாத மனுஷி. அந்த நேரத்தைக் காப்பாற்றத்தான் இவ்வளவு பாடும்.

டங்

சிவப்புப் பேனையோடு நின்றவள், பக்கத்து வீட்டு மும்தாஜ் சாச்சியைப் போனில் கூப்பிட்டேன். சாச்சி டோர்ச்சோடு பறந்து வந்தார். வந்தவரை உள்ளே எடுக்க ஏலவில்லை. குழவியை இறக்க வேண்டும், வாங்கை இழுக்க வேண்டும், இழுக்கிற சத்தத்தில் மகள் எழும்பாமல் இருக்க வேண்டும். "திற புள்ள, திற" என்று சாச்சி வெளியே நிற்கிறார். "இரிங்க சாச்சி, வாறன்" என்று நான் உள்ளே மூச்சு வாங்குகிறேன். பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே தனியாகக் குசினிப் பக்கம் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் யன்னலில் டோர்ச் வெளிச்சம் விழுந்தது. சாச்சியின் கையில் ஒரு வெற்றுப் பால்மா டின். மகளுடையதுதான், பின்னேரம் நான் வெளியே வீசியது. "பூனை புள்ள. தலைய டின்னுக்குள்ள விட்டுட்டு எடுக்க ஏலாமச் சுவரெல்லாம் முட்டிட்டுத் திரியிது" என்றார். பிறகு யன்னல் கம்பிக்குள்ளால் என் வாங்கையும் குழவியையும் பேனையையும் ஒரு தரம் பார்த்தார்.

"அதுட தலையில இரிந்தத நான் கழட்டிட்டன். உன்ட தலையில இரிக்கிறத ஆரு கழட்டுற?"

நுளம்பு எப்ப வரும்

நான் படித்தது கன்னியர் மடப் பள்ளியில். தமிழ் படிப்பித்த சிஸ்டருக்கு எந்தக் கட்டுரையும் உலகப் படைப்பிலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பழக்கம் எனக்குக் குர்ஆன் ஓதப் பழகியதைப் போல ஊறிப்போய்விட்டது. நுளம்பு கடித்து வருகிற டெங்குவை ஒழிப்பது பற்றி எழுதச் சொல்லி, மாதிரி முன்னுரை ஒன்றை நானே கரும்பலகையில் எழுதினேன். வானம் தோன்றியது, பூமி தோன்றியது, மனிதன் தோன்றினான், நெருப்பைக் கண்டுபிடித்தான், ஆற்றங்கரையில் நாகரிகம் வளர்த்தான். பலகை முடிந்துவிட்டது. மேலே கொஞ்சம் அழித்துவிட்டுத் தொழிற்புரட்சியை எழுதினேன். எனக்கே கண் கலங்கியது, அவ்வளவு அழகு.

பின்வாங்கிலிருந்து ஹஸ்னா கையை உயர்த்தினாள். வகுப்பிலேயே குறைவாகக் கதைக்கிற பிள்ளை. அன்று அவளுக்கு அவசரமாக வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததாம்.

"டீச்சர், நுளம்பு எப்ப வரும்?"

ஸலாம்

அகீல் பேச்சுப் போட்டிக்காரன். மீலாத் விழா, தமிழ் தினம், பள்ளிவாசல் மதரஸா, எங்கே மேடை போட்டாலும் அவன் ஏறுவான், பரிசோடு இறங்குவான். அவன் எழுதிய கட்டுரையும் மேடையில்தான் நின்றது. காடழிப்புக் கொப்பியில் முதல் வரி இது: "மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, என் சக போட்டியாளர்களே, அஸ்ஸலாமு அலைக்கும்." அதற்குப் பிறகு ஐந்து வரி தன்னை அறிமுகப்படுத்தியிருந்தான். காடு அடுத்த பக்கத்தில்தான் வந்தது. எனக்கு நுளம்பு வராதது ஞாபகம் வந்தாலும், டீச்சர் என்ற கெத்தில் சிவப்பால் வெட்டினேன். "மகன், இது பேச்சில்ல, கட்டுரை. திருத்துறவர் யாரெண்டே உனக்குத் தெரியாது. காரைதீவுல ஒரு இந்து டீச்சரா இரிக்கலாம், திருக்கோவில் ஊர்ல ஒரு சேரா இரிக்கலாம். அவங்களுக்கு ஸலாம் சொல்லி என்ன செய்ய?" என்று கேட்டேன். அகீல் நன்றாக யோசித்தான். விளங்கிவிட்டது என்று தலையாட்டினான். நான் பெருமையோடு தேத்தண்ணி போடப் போனேன்.

அடுத்த கிழமை வந்த கட்டுரையின் முதல் வரி: "பரீட்சகர் அவர்களே, அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்." ஏனடா என்று கேட்டேன்.

"இப்ப ஆரு திருத்தினாலும் கோவிக்க மாட்டாங்க டீச்சர்."

அறிவித்தல்

படைப்பிலிருந்து தொடங்குவதைக் கைவிட்டேன். புதிதாக ஒரு விதி சொன்னேன்: யாரைப் பற்றி, என்ன நடந்தது, எங்கே நடந்தது, இது மூன்றும் முன்னுரையில் வந்துவிட வேண்டும். தலைப்பு, நீர்வளம் காப்போம். ஹஸ்னாவின் தாய்வழிச் சொந்தம் சவளக்கடைப் பக்கம், வயல்காரர். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன். "வயல்களுக்கு நடுவே நிரந்தர வதிவிடமாகக் கொண்டிருந்த எங்கள் குளம் அவர்கள் காலமானார். அன்னார் வாய்க்கால்களின் அன்புத் தாயும், கொக்குகளின் மாமியும், நெல்லின் வளர்ப்புத் தாயும் ஆவார். நல்லடக்கம் குப்பை லொறிகளினால் தினமும் நடைபெற்று வருகிறது."

பள்ளிவாசல் ஸ்பீக்கரில் இன்னாலில்லாஹி சொல்லி ஜனாஸா அறிவிக்கிற அதே நடை! எனக்கோ அந்த ஸ்பீக்கர் நேரமில்லாத நேரத்தில் க்ர்ர் என்று இருமினாலே ஈரக்குலை நடுங்கும், யாருடைய பெயரோ என்று மகளைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்வேன். அந்த நடுக்கத்தில், "பாவமில்லையா புள்ள, மௌத்து அறிவித்தலையா விளையாட்டுக்கு எடுக்கிற?" என்று அவளை அதட்டினேன். "இன்னாலில்லாஹி போடல்ல டீச்சர், அது மனுசருக்குத்தான்" என்று அடக்கமாகச் சொன்னாள்.

எத்தனை புள்ளி போடுவதென்று தெரியாமல், பாண்டிருப்பில் இருக்கிற மலர் டீச்சருக்குப் போன் எடுத்தேன். எனக்கு முதலே இந்தத் தொழிலுக்கு வந்தவர். முழுவதையும் வாசித்துக் காட்டினேன். மறுபக்கம் சிரிப்பை அடக்கித் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது.

"அந்தப் புள்ளைக்கு முன்னுரை நல்லாத் தெரியும். நீங்க அவட்டப் போய்ப் படிங்க டீச்சர்."

இன்றைய நவீன உலகில்

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. தவணைப் பரீட்சை நெருங்கியது. இரவு நித்திரை இல்லாததால் பகலில் மூளை ஓடவில்லை. எல்லாத் தலைப்புக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு முன்னுரையை இட்டிலித் தட்டுப்போலச் செய்து, நடுவில் ஓர் இடைவெளி விட்டு, பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்கிவிட்டேன். "இன்றைய நவீன உலகில் _______ என்பது மனித வாழ்வுக்கு இன்றியமையாத ஒன்றாகும். அதனை வளர்த்தெடுப்பது மாணவர்களாகிய எமது தலையாய கடமையாகும்." கல்வியைப் போட்டுப் பாருங்கள், பொருந்தும். விளையாட்டு, பொருந்தும். மரம், வாசிப்பு, சிரமதானம், எல்லாம் பொருந்தும். இரண்டு நாள் எனக்கு என்னைப் பற்றிய பெருமையில் கால் தரையில் படவில்லை.

பரீட்சையில் வந்த தலைப்பு, போதைப்பொருள் பாவனை.

பிள்ளைகளில் குற்றமில்லை, நான் சொன்னதைத்தான் செய்தார்கள். அகீல்கூட ஸலாமையும் வணக்கத்தையும் விட்டுவிட்டு என் வசனத்தைத்தான் எழுதியிருந்தான். பள்ளியில் விடைத்தாள் திருத்திய சேர் இரவு போன் எடுத்தார். மரியாதையாகச் சுகம் விசாரித்தார், மகளைக் கேட்டார், கட்டாரைக் கேட்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"டீச்சர், உங்கட புள்ளைகள் எல்லாரும் போதைப்பொருள வளத்தெடுக்கப் போறாங்களாம். எல்லாரும் ஒரே கடையிலதான் வாங்குறாங்க போல, அந்தக் கடைய மட்டும் கொஞ்சம் சொல்லுங்களன்."

கடல் திரும்பிப் போயிரும்

அந்தக் கதை மீன் சந்தைக்குப் போய், பஸ் ஏறி, அட்டாளைச்சேனைக்கும் போய்விட்டது. சில தாய்மார் பிள்ளைகளை வகுப்புக்கு விடாமல் மறித்துவிட்டார்கள். உம்மா போனில், "நான் மூடச் சொல்லத் தேவையில்ல, அது தானா மூடுது" என்றார். மிச்சமிருந்த பிள்ளைகளை எப்படியும் கரைசேர்க்க வேண்டும் என்று, விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகும் ஒரு வகுப்பு வைத்தேன். முதல் நாளே வாங்கின் கால் கதவு நிலையில் இறுகிக்கொண்டது. நான் உள்ளே இழுக்கிறேன், அகீல் வெளியே தள்ளுகிறான், இரண்டு பேரும் சேர்ந்து அதை இன்னும் இறுக்குகிறோம். மகள் எழும்பிக் கத்துகிறாள். கடைசியில் பிள்ளைகளைப் படியில் இருத்தி, யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறியற்சாலையில் இருக்கிறவளைப் போல முன்னுரை பழக்கினேன்.

கொண்டி இருக்கும்போது ஏன் டீச்சர் வாங்கு என்று கேட்டார்கள். கடல் வந்தால் கெதியாகத் திறந்துகொண்டு ஓட வேண்டுமே என்று விளக்கினேன். ஒருவரும் சிரிக்கவில்லை, நல்ல பிள்ளைகள். ஹஸ்னா மட்டும் வாங்கின் காலை எட்டிப் பார்த்தாள்.

"டீச்சர், இந்த வாங்க நீங்க எடுத்து முடியக்குள்ள கடல் திரும்பிப் போயிரும்."

உம்மா திருத்தியது

நோன்புக்குச் சில நாட்கள் இருக்கும்போது உம்மா ஓட்டோவில் வந்து இறங்கினார். என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான். வந்ததும் வராததுமாக என் உடுப்புகளைப் பேக்கில் அடுக்கிவிட்டார். பொழுதுபட்டு, மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஓட்டோ திரும்பி வரும். அதற்குள் கடைசி வகுப்பை நடத்திக்கொள் என்று மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். கடைசி வகுப்பாவது ஒழுங்காக இருக்கட்டும் என்று நினைத்தேன். உலகம் தோன்றவும் வேண்டாம், நவீன உலகமும் வேண்டாம். ஹஸ்னாவின் குளத்தைப் போல விஷயத்தில் நேரே இறங்க வேண்டும். தலைப்பு, மறக்க முடியாத நாள். எனக்குத் தெரிந்த ஒரே உண்மையான முன்னுரையைப் பலகையில் எழுதினேன். "கடல் வந்த அன்று எங்கள் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அதனால்தான் நான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்." முன்னுரை என்றால் இதுதான் என்று எனக்கே பட்டது. சத்தமாக இரண்டாம் தரமும் வாசித்தேன்.

திரையை விலக்கிக்கொண்டு உம்மா வந்தார், இடுப்பில் மகள். "என்ன எழுதியிரிக்காய்? கதவு திறந்து கிடந்ததா? ஆருகா உனக்குச் சொன்ன?"

"எனக்கு ஞாபகம் இரிக்கி உம்மா. நான் ஓடினதானே."

"நீ எங்க ஓடின? வாப்பாட தோள்ள கிடந்த. கதவு கொண்டி போட்டுக் கிடந்த, நாந்தான் போட்ட. கடல் பொங்குது, பாக்க வாங்க எண்டு வாசலுக்கு முன்னால ஒழுங்கையால புள்ளைகள் கத்திட்டு ஓடுதுகள். நீயும் போகப் போறன் எண்டு கதவுல அடிச்சி அடிச்சி அழுதாய். எவ்வளவு அழுதும் நான் திறக்கல்ல. போன புள்ளைகள்ல..." உம்மா மகளை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "தண்ணி ஒழுங்கைக்குள்ள வரக்குள்ளதான் வாப்பா திறந்தார். திறக்க எவ்வளவு நேரம்? இந்தா." ஒற்றைக் கையால் என் வீட்டுக் கொண்டியைப் போட்டார், எடுத்தார். டக், டக். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இத்தனை வருடமும் நான் அழுது அடித்த கதவைத்தான் திறந்து கிடந்த கதவாக ஞாபகம் வைத்திருந்திருக்கிறேன்.

அகீல் மெதுவாகப் பேனையைத் தூக்கி, "டீச்சர், முதல் வரிய எழுதிட்டன். வெட்டவா?" என்று கேட்டான். உம்மா எனக்காகப் பதில் சொன்னார்.

"வெட்டு மனே. நல்லா அழுத்தி வெட்டு."

ஓட்டோ

மஃரிபுக்குப் பிறகு ஓட்டோ வந்து ஹோன் அடித்தது. வாசலில் இரண்டு பேக், உம்மாவுடையதும் என்னுடையதும். நான் என்னுடையதைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன். "என்ன, வாறல்லையா?" என்றார் உம்மா. "நாளைக்கு வகுப்பு இரிக்கி உம்மா. அந்த முன்னுரைய முதல்ல இரிந்து எழுதணும்" என்றேன். உம்மா மகளைக் கொஞ்சி என் கையில் தந்தார். வாங்கைக் காலால் சுவர்ப் பக்கம் தள்ளினார். வெளியே இறங்கிக் கதவைத் தானே சாத்திக்கொண்டார். ஓட்டோக்காரர் மறுபடியும் ஹோன் அடித்தார். படியில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கவில்லை, அவர் அங்கேயே நின்றார்.

"போடு. சத்தம் கேட்டாத்தான் நான் ஏறுவன்."

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தொடங்கப் பழக்குகிற முன்னுரை டீச்சர், மகளை ஒரு கையிலும் உயிரை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, மீற்றர் ஓடுகிற ஓட்டோவுக்காகவாவது தொடங்கித்தானே ஆக வேண்டும் என்று, உள்ளேயிருந்து கொண்டியைப் போட்டாள்.